நெற்றியில் ஏறும் நிலம்: கொங்கு நாட்டில் திருநீறு, திருமண், குங்குமம்

கொடுமுடியில் காவிரிக் கரையோரம் ஒரே வளாகத்துக்குள் மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் இருக்கிறார்கள். வன்னி மரத்தடியில் பிரமனும் இருக்கிறார். ஆற்றில் முழுகிவிட்டு மூன்று சந்நிதியையும் கும்பிட்டு வெளியே வருகிற குடும்பங்களின் நெற்றியைப் பார்த்தால், சிவன் கோயில் திருநீறு பட்டையாக இருக்கும். அதன் நடுவில் அம்மன் குங்குமம். சில பெரியவர்களுக்கு அதன் மேலேயே பெருமாள் சந்நிதித் திருமண் ஒரு கீற்றாக ஏறியிருக்கும். யாருக்கும் இதில் முரண் தெரிவதில்லை. பவானி கூடுதுறையில் சங்கமேசுவரர் கோயிலுக்குள் ஆதிகேசவப் பெருமாள் இருக்கிறார். திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர், செங்கோட்டு வேலவர், ஆதிகேசவர் மூவரும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். இந்த நாட்டின் பழைய கோயில்களே அப்படி.

கிடையாக மூன்று கோடு போட்டால் சைவர், நெடுக்காகப் போட்டால் வைணவர், புருவ நடுவில் சிவப்புப் பொட்டு சக்தி வழிபாடு என்று சமய நூல்கள் சொல்லித் தருவது பிழையில்லை. ஆனால் கொங்கு நாட்டு நெற்றிகளைப் படிக்க அந்தப் பாடம் போதாது. இங்கே கோட்டின் வடிவத்தைவிட, பூசுகிற பொருள் எங்கிருந்து வந்தது, நெற்றிக்கு வருமுன் அது என்னென்ன பட்டது என்பதில்தான் பொருள் அதிகம் இருக்கிறது. சாணம் தீயில் வெந்து வருகிறது. மண் புற்றிலிருந்து வருகிறது. மஞ்சள் சுண்ணாம்பு போன்ற காரம் பட்டுச் சிவந்து வருகிறது. இந்த வழியில் பார்த்தால்தான் நம் ஊர் வழக்கங்கள் பலவும் விளங்குகின்றன என்பது என் கட்சி.

முதலில் திருநீறு. சைவ நூல்கள் அதை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. நோயில்லாத பசுவின் சாணத்தை நிலத்தில் விழுமுன் ஏந்தி, மந்திரம் சொல்லி உருட்டி, சிவாக்கினியில் எரித்து எடுப்பது கற்பம். மேய்ச்சல் காட்டில் கிடந்து உலர்ந்த சாணத்தை எடுத்துப் பொடித்து எரிப்பது அநுகற்பம். காடோ மாட்டுத் தொழுவமோ தீப்பட்டு வெந்த இடத்துச் சாம்பலை எடுத்து மறுபடி விதிப்படி எரிப்பது உபகற்பம். மந்திரம் எதுவும் இல்லாமல் எரித்து எடுப்பது அகற்பம். இந்த வரிசையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் நினைவுக்கு வரும். கிளுவை வேலி சுற்றிய மானாவாரி நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், காலையில் விட்டால் சாயங்காலம் வரை தன்பாட்டில் மேய்கிற காங்கேயம் மாடுகள். மேய்ச்சல் காட்டுச் சாணம் என்று நூல் சொல்வது இந்த நாட்டுக்காரனுக்குக் கற்பனை செய்துகொள்ள வேண்டிய ஒன்றாக இருந்ததே இல்லை. கட்டுத்தரையும் கொறங்காடும் அவன் வாழ்வின் இரு பாதி.

பேரூர்க் கோயிலின் கதையே மாட்டின் கதை. இறைவன் பெயர் பட்டீசுவரர். காமதேனுவின் கன்றாகிய பட்டியின் கால் குளம்பு பட்ட தழும்பு லிங்கத் திருமேனியின் தலையில் இருக்கிறது என்று தலபுராணம் சொல்கிறது. அந்த ஊரைப் பற்றிய நம்பிக்கைகளில் சாகாத இறவாப் பனை, விதை முளைக்காத பிறவாப் புளி ஆகிய இரண்டும் எல்லாருக்கும் தெரியும். அதே வரிசையில் வரும் இன்னொன்றை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: பேரூர் எல்லைக்குள் விழுந்த சாணத்தில் புழு வைக்காது என்பார்கள். தெருவில் கிடக்கும் சாணத்துக்கும் முக்தித் தலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், விடை திருநீற்றில் இருக்கிறது. அழுகாத சாணத்திலிருந்து அழியாத நீறு. பிறப்பு அறுக்கும் ஊர் என்ற எண்ணத்தை மாடு மேய்க்கும் மக்கள் தங்கள் கைக்குப் பழகிய பொருளில் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நீறு உருவாகும் முறையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அதன் தத்துவத்தை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாணத்தை உருண்டை பிடித்து நாள் கணக்கில் வெயிலில் காய வைப்பார்கள். மாசி மாதம் மகாசிவராத்திரியன்று உமி பரப்பி, அதில் உருண்டைகளை அடுக்கி, மேலும் உமி மூடித் தீ வைப்பார்கள். கொழுந்து விட்டு எரியக் கூடாது. உள்ளுக்குள் கனன்று கொண்டே இருக்க வேண்டும். தீ தானாக அடங்கி, மூட்டம் ஆறும் வரை யாரும் கலைக்க மாட்டார்கள். ஆறிய பிறகு உருண்டை உருண்டையாகவே வெள்ளையாக இருக்கும், ஆனால் தொட்டால் பொலபொலவென உதிரும். மெல்லிய துணியில் சலித்து எடுத்தால் திருநீறு. கூடை கூடையாகப் போட்ட சாணத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

நாறக்கூடியது, புழுக்கக்கூடியது, ஈரமானது எல்லாம் போய், தீ இனிமேல் எரிக்க மீதமில்லாத ஒன்று எஞ்சுகிறது. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலங்களைச் சொல்கிறது. மூன்றும் வெந்த பிறகு எஞ்சும் உயிரின் தூய்மையை இந்தச் சாம்பல் குறிக்கிறது. மூன்று விரலால் இழுக்கும் மூன்று கோடு அந்த மூன்று மலங்களின் பெயரால் விளக்கப்படுகிறது. இந்த உடம்பும் ஒரு நாள் இப்படித்தான் ஆகும் என்ற நினைவூட்டலும் அதிலேயே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு பொருள் போலத் தோன்றினாலும் ஒன்றின் இரு பக்கம். அழிவதைக் காட்டுகிற அதே பொருள் அழியாததையும் காட்டுகிறது.

பூசும் முறையும் அதற்கேற்ற பணிவோடு வகுக்கப்பட்டிருக்கிறது. கிழக்கோ வடக்கோ பார்த்து நின்று, கீழே சிந்தாதபடி முகத்தைச் சற்று அண்ணாந்து, ‘சிவ சிவ’ என்று சொல்லி, வலக்கையின் ஆட்காட்டி, நடு, மோதிர விரல்களால் பூசச் சொல்வார் ஆறுமுக நாவலர். பரவப் பூசுவது உத்தூளனம். மூன்று கோடாக இடுவது திரிபுண்டரம். தீட்சை பெற்றவர்கள் நீரில் குழைத்து உடம்பின் பல இடங்களில் இடுவார்கள். ஊட்டில் (வீட்டில்) இருக்கும் மற்றவர்களுக்குச் சுவரில் தொங்கும் மரக் கொப்பரையில் இருந்து எடுத்த ஒரு சிட்டிகை போதும். ‘நீறில்லா நெற்றி பாழ்’ என்று ஔவை பாடியதைப் படிக்காத பாட்டிமார்கூட, வெளியே கிளம்பும் பிள்ளையை நிறுத்தி, “நெத்தி வெறிச்சுனு இருக்குது சாமி, துண்ணூறு வெச்சுட்டுப் போ” என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது காப்பு.

இந்தக் காப்பு என்ற எண்ணத்துக்கு ஒரு பழைய கொங்குத் தொடர்பு உண்டு. ஞானசம்பந்தர் மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயை ‘மந்திரமாவது நீறு’ என்று பாடித் திருநீற்றால் தீர்த்த கதை எல்லாருக்கும் தெரியும். கொங்கில் அவர் சந்தித்தது குளிர்காய்ச்சல். கொடிமாடச் செங்குன்றூர் என்று அப்போது பெயர் பெற்ற திருச்செங்கோட்டில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடிக்க, ‘செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்’ என்று ஆணையிட்டுப் பாடினார். நோய் விலகியது என்கிறது பெரியபுராணம். அதே மலைக்கு அவர் பாடிய இன்னொரு பதிகம் ‘வெந்த வெண்ணீறு அணிந்து’ என்றே தொடங்குகிறது. வெந்த என்ற அந்த ஒரு அடைமொழிக்குள் உமி மூட்டம் முழுவதும் இருக்கிறது. காய்ச்சல் கண்ட குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்த் திருநீறு போட்டு வருகிற வழக்கத்தின் பின்னால் இந்தக் கதைகளின் நினைவு நிற்கிறது. (மருந்தைக் கொடுத்துவிட்டு நீறு பூசுவதில் எந்தத் தவறும் இல்லை, மருந்துக்குப் பதிலாக என்று யாரும் நினைத்தால் அது தவறு.) தலையில் கோத்த நீரை உறிஞ்சும், புருவ மத்தியில் யாரும் வசியம் செய்ய முடியாமல் தடுக்கும் என்றெல்லாம் இப்போது அறிவியல் பெயரில் சொல்லப்படும் விளக்கங்களை நான் ஏற்பதில்லை. தன் பொருளைத் தானே சொல்லத் தெரிந்த ஒரு குறிக்கு இந்த முட்டு எதற்கு?

மதுரைப் பதிகத்தில் ஒரு தொடர் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது: ‘இராவணன் மேலது நீறு’. எதிரியின் உடம்பிலும் அதே நீறுதான். பூசியவன் நல்லவன் என்று அது சான்று தருவதில்லை. எல்லார் மேலும் ஒன்றாக நிற்கிறது.

பெரிய கோயில்களை விட்டுக் கிராமத்துக் கோயில்களுக்கு வந்தால் தீயின் பங்கு இன்னும் நேரடியாகிறது. மற்ற ஊர்களில் பூமிதி, தீமிதி என்பதைக் கொங்கில் குண்டம் என்போம். பாரியூர் கொண்டத்துக் காளியம்மன், பெருமாநல்லூர், ஆனைமலை மாசாணியம்மன், தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் என்று குண்டத்துக்குப் பேர்போன கோயில்கள் நிறைய. இவற்றில் பெரிய கூட்டம் சேருவது சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியில், பங்குனியில். குண்டத்துக்கான விறகை அங்கே எரிகரும்பு என்பார்கள். மனிதர்கள் இறங்கி முடித்த பிறகு கடைசியில் கால்நடைகளையும் குண்டத்தில் ஓட்டி வருவார்கள். தீ தணிந்ததும் அந்தச் சாம்பலை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் ஊட்டில் அதுதான் நீறு. சாணத்தில் அல்லாமல் விறகில் வந்த இந்தச் சாம்பல் ஆகம விதிப்படி நான்கு வகையில் எதிலும் சேராது. ஆனால் தன் கால் பட்ட தீயின் சாம்பலைத் தன் நெற்றியில் வைத்துக்கொள்பவனுக்கு, மலங்கள் வேக வேண்டும் என்ற தத்துவம் தோல் வழியாகவே தெரிந்திருக்கிறது. எந்த மடத்துப் பாடத்துக்கும் இது குறைந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

பண்ணாரியில் இன்னொரு தனி வழக்கமும் உண்டு. அங்கே பிரசாதமாகக் கொடுப்பது சாம்பல் அன்று, மண். புற்று மண்ணையே நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். காட்டு விளிம்பில் இருக்கும் அம்மனுக்கு அந்தக் காட்டின் மண்ணே திருநீறு. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களும் இதை அறிவார்கள். ஏழு மலை தாண்டும் அந்தப் பாதையில் ஒரு மலைக்கு விபூதி மலை என்றே பெயர். மூங்கில் தடியை ஊன்றி மூச்சு வாங்கி நிற்கிறவர்கள் அங்குள்ள வெளிறிய மண்ணை எடுத்துப் பூசிக்கொண்டு மேலே நடக்கிறார்கள். மலையே சிவன் என்றால் மலையின் மண் அவன் மேனி நீறுதானே. இங்கே தீயும் இல்லை, சாணமும் இல்லை. இடமே குறியாகிறது.

மண்ணை நெற்றியில் ஏற்றும் இந்த எண்ணம் வைணவத்தோடு வந்து கைகோக்கும் இடம் ஒன்று கொங்கில் உண்டு. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இராமானுசர், சோழ மன்னனின் நெருக்குதலால் திருவரங்கத்தை விட்டு வெள்ளாடை உடுத்தி மேற்கே போனதைக் குருபரம்பரை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. காட்டில் வேடர்கள் தேனும் தினைமாவும் கொடுத்தார்கள். அதன்பின் கொங்கில் ஒரு வீட்டில் இராமானுசரும் சீடர்களும் பசியாறினார்கள். அந்த வீட்டுப் பெண் முன்பு பஞ்ச காலத்தில் திருவரங்கம் போய் இராமானுசரிடம் உபதேசம் பெற்றவர். காவி இல்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக இருந்த ஆசாரியரை அவர் அடையாளம் கண்டது திருவடிகளைப் பார்த்து. வைணவ உலகம் அவரைக் கொங்கிற் பிராட்டி என்றே போற்றுகிறது. இராமானுசர் அங்கிருந்து மைசூர்ப் பக்கம் போய், மேல்கோட்டையில், திருமண் தீர்ந்துபோன கவலையில் உறங்கியபோது கனவில் இடம் காட்டப்பட்டு, புற்றுக்குள் மறைந்திருந்த திருநாராயணன் திருமேனியையும் திருமண்ணையும் கண்டெடுத்தார் என்பது வரலாறாகவே போற்றப்படும் மரபு. இன்றும் மேல்கோட்டைத் திருமண்ணுக்குத் தனி மதிப்பு.

திருமண் காப்பின் இரண்டு வெள்ளைக் கோடுகள் திருமாலின் இரு திருவடிகள். நடுவில் மஞ்சளோ சிவப்போ ஆன ஸ்ரீசூரணம் திருமகள். அடியார் தலை மேல் அவன் பாதம் இருக்கிறது, பாதத்தின் நடுவே தாயார் இருக்கிறாள் என்பதுதான் அந்த வடிவம். முகத்தைப் பாராமல் பாதத்தைப் பார்த்துக் குருவை அறிந்த கொங்குப் பெண்ணின் கதையோடு சேர்த்துப் பார்த்தால், எந்த விரிவுரையை விடவும் இது தெளிவாகிறது. கேசவன் முதல் தாமோதரன் வரை பன்னிரு நாமம் சொல்லி உடம்பில் பன்னிரண்டு இடத்தில் இடுவது முழு முறை. வைணவத்தின் இரு பிரிவினரில் வடகலையார் மூக்கில் இறங்கும் பாதம் இல்லாமல் அடியை வளைத்தும், தென்கலையார் மூக்கின் மேல் பாதம் வைத்தும் இடுவார்கள். இந்த வேறுபாட்டுக்காகப் பிற ஊர்களில் வழக்கு மன்றம் வரை போயிருக்கிறார்கள். கொங்கின் குடியானவர் நெற்றிகளில் அந்தச் சண்டை பெரிதாக ஏறவில்லை. புரட்டாசி வந்தால், ஆண்டு முழுக்கத் திருநீறு பூசும் குடும்பங்களில்கூடச் சனிக்கிழமை விரதம் இருந்து, நாமம் இட்டு, தளிகை (பெருமாளுக்குப் படையல்) போட்டு, தாந்தோன்றிமலைக்கோ மொண்டிபாளையத்துக்கோ போய் வருவார்கள். மாசித் தேருக்குக் காரமடையில் தாசர்கள் நாமத்தோடு பந்தம் ஏந்தி, ‘ரங்கா பராக், கோவிந்தா பராக்’ என்று முழங்கி வரும்போது, வழிவிட்டுக் கும்பிடுகிறவர்களில் பாதிப்பேர் சிவகோத்திரம், அதாவது சைவக் குடும்பத்தார்.

பழனியும் பழைய கொங்கின் எல்லைக்குள்தான். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பங்குனி உத்திரத்துக்கு அங்கே நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அங்கே முருகனுக்கு இரண்டு பூச்சு. ஆண்டிக் கோலத்துக்கு நீறு. இரவில் திருமேனியில் சாத்திக் காலையில் எடுத்துத் தரும் இராக்காலச் சந்தனம் அதற்கு நேர் எதிரே நிற்கிறது: தீ படாதது, தேய்த்துத் தேய்த்துக் குளிர்ந்தது. துறவின் வெம்மையையும் அருளின் குளிர்ச்சியையும் ஒரே நெற்றியில் தாங்கி மக்கள் படியிறங்குகிறார்கள்.

குங்குமத்தைப் பற்றிப் பேசும்போது கொங்குக்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமையே உண்டு. ஈரோடு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வயலில் ஒன்பது மாதம் போல நின்று, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிச் சந்தைக்கு வரும் அந்த மஞ்சளோடு சுண்ணாம்போ வெண்காரமோ, எலுமிச்சைச் சாறோ படிகாரமோ, அந்தந்த வீட்டுப் பக்குவப்படி சேர்த்து உலர்த்தினால் குங்குமம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும்; ஆலம் (ஆரத்தி) சுற்றும் தட்டில் நடப்பதும் அதுவே. மங்கலத்தின் மஞ்சளுக்குள் சக்தியின் சிவப்பு முன்பே இருந்தது, சேர்மானம் அதை வெளியே கொண்டு வந்தது என்று பாட்டிமார் அறிவியல் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சிவப்புக்கு ஒரு கொடிய வேலி போட்டதும் நம் சமூகம்தான். கொங்குக் கல்யாணச் சீர்களை நடத்தும் அருமைக்காரர் கணவன் மனைவியாக வாழ்ந்து பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். கணவனை இழந்த தாய், பெற்ற மகளின் சீரில் கை வைக்காமல் வெறும் திருநீற்றோடு பின்வரிசையில் நிற்பதை எத்தனை மண்டபங்களில் பார்த்துவிட்டோம்! சக்தியின் குறி என்று சொல்லிக்கொண்டே அதைக் கணவனின் உயிரோடு கட்டி வைத்தது சாத்திரத்தின் ஆழம் இல்லை, வழக்கத்தின் கல்மனம். திருநீற்றிலும் நாம் குற்றம் செய்யாமல் இல்லை. சிலருக்கு விரலால் பூசிவிட்டு, சிலருக்குக் கை படாமல் மேலிருந்து போட்ட காலம் ரொம்பத் தொலைவில் இல்லை. 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து கதவைத் திறந்தது. கை நீள இன்னும் பல ஆண்டுகள் ஆயின. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் சாம்பலை வைத்தே வேற்றுமை காட்டியதை எந்தத் தத்துவத்தாலும் பூசி மெழுக முடியாது. தாயே மகளுக்குக் குங்குமம் இடட்டும் என்று மணமக்களே நின்று கேட்கும் கல்யாணங்கள் இப்போது நடக்கத்தான் செய்கின்றன. அவர்கள் மரபை மீறுவதாக எனக்குத் தோன்றவில்லை. மரபு சொன்னதை மரபுக்கே நினைவுபடுத்துகிறார்கள்.

பொருளில்தான் அர்த்தம் இருக்கிறது என்றால், பொருள் கெட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்டாக வேண்டும். கடையில் மணக்க மணக்க விற்கும் பளீர் வெள்ளைப் பொட்டலங்களில் கல்மாவும் வாசனையும் இருந்தால் அதில் வெந்தது எதுவும் இல்லை. சாயம் கலந்த குங்குமம் நெற்றியில் அரிப்பையும் கருந்தழும்பையும் உண்டாக்குவதைத் தோல் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நல்ல நீறு வெண்மையாக இருந்தாலும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்காது. சாம்பல் சாயல் கொஞ்சம் தெரியும், விரலிடுக்கில் தேய்த்தால் கரகரக்காது, வாசனை என்று எதுவும் வராது. நல்ல குங்குமம் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும், ரோஜா நிறம் அடிக்காது. கிட்டே வைத்தால் மஞ்சள் வாடை தெரியும். நாட்டு மாடு வைத்திருக்கும் வீடு பக்கத்தில் இருந்தால் மாசிக்கு முன்பே சொல்லி வைத்துச் சாண உருண்டை காயப் போடச் சொல்லலாம். ஒரு மூட்டம் போட்டால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுக்கத் தாங்கும்.